ஐ.எஸ்.எல், ஐ-லீக்: இந்தியாவின் 'நம்பர் 1' கால்பந்து லீக் எது? சாம்பியன் எப்படி முடிவாகிறது? முழு விவரம்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டி, பாலுசெட்டிசத்திரத்தை நெருங்கும்போது வருகிறது திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமர் இறுதிக்கடன் செய்த இடம் என்று தலபுராணம் சொல்லும் விஜயராகவப் பெருமாள் கோயில் இருக்கும் ஊர். பக்கத்திலேயே காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகள். கால்பந்துக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஊரை ஒட்டி ஓடும் ரோட்டுக்கு இருக்கிறது. அந்த ரோட்டின் ஒரு முனையில் சென்னையின் எஃப்.சி, மறுமுனையில் பெங்களூரு எஃப்.சி.

2018 மார்ச் 17ஆம் தேதி இந்த இரண்டு அணிகளும் ஐ.எஸ்.எல் இறுதிப் போட்டியில் பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் மோதின. 3-2 என்று சென்னையின் ஜெயித்தது. கோப்பை சென்னைக்கு வந்தது. ஆனால் லீக் சுற்று முடிந்தபோது பாயின்ட் டேபிளில் முதலிடத்தில் இருந்தது பெங்களூருதான். அதுவும் 40 புள்ளிகளுடன். இரண்டாவது இடத்தில் இருந்த சென்னையினுக்கு 32. எட்டுப் புள்ளி வித்தியாசம்!

அதற்கு அடுத்த வருஷம் இன்னும் பெரிய குழப்பம். 2018-19 சீசனில் அதே சென்னையின் ஐ.எஸ்.எல்-ல் 18 மேட்ச்சில் வெறும் 9 புள்ளிகள் எடுத்து கடைசி இடத்துக்குப் போனது. அதே சீசனில் 'சென்னை சிட்டி எஃப்.சி' என்ற வேறொரு அணி ஐ-லீக் பட்டத்தை வென்றது. செய்திகளில் அந்த அணியைத்தான் 'இந்திய சாம்பியன்' என்று எழுதினார்கள்.

அப்போ எது நிஜமான தேசிய லீக்? முதலிடம் பிடித்தவர் சாம்பியனா, ஃபைனலை ஜெயித்தவர் சாம்பியனா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

லீக் இல்லாத காலம்

இந்தியாவில் கால்பந்து பழசு. டுராண்ட் கோப்பை 1888-லேயே தொடங்கிவிட்டது. கல்கத்தா லீக் 1898-ல். மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபி 1941-ல். இதெல்லாம் இருந்தும், நாடு முழுவதும் உள்ள கிளப்புகள் ஒரு சீசன் முழுக்க மோதிக்கொள்ளும் தேசிய லீக் என்று ஒன்று 1996 வரை கிடையாது. ரயிலில் போய் நாக்-அவுட் டோர்னமென்ட் ஆடிவிட்டுத் திரும்பி வருவதுதான் கிளப்புகளின் வாழ்க்கை.

1996-ல் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 'தேசிய கால்பந்து லீக்'கைத் தொடங்கியது. 12 அணிகள். முதல் பட்டம் கொல்கத்தாவுக்கும் போகவில்லை, கோவாவுக்கும் போகவில்லை; பஞ்சாபின் பக்வாராவைச் சேர்ந்த ஜே.சி.டி மில்ஸ் அணி தட்டிச் சென்றது. துணி மில் நடத்திய டீம். அந்தக் காலத்தில் வங்கிகளும் மில்களும் போலீஸும்தான் கால்பந்தை நடத்தின. சென்னையிலிருந்து இந்தியன் வங்கி அணி அந்த லீக்கில் ஆடியிருக்கிறது. விளையாடினால் வேலை, வேலை இருந்தால் சம்பளம். ஆட்டக்காரருக்குப் பிழைப்பு உறுதி. ஆனால் ஸ்டேடியத்துக்கு ரசிகரை இழுக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை.

11 சீசன்கள் நடந்தன. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டும் தலா மூன்று முறை, கோவாவின் டெம்போ இரண்டு முறை, ஜே.சி.டி, சல்கவுகர், மஹிந்திரா யுனைடெட் தலா ஒரு முறை. அவ்வளவுதான் பட்டியல். இதில் மஹிந்திரா 2010-ல் மூடப்பட்டது, ஜே.சி.டி 2011-ல். நாட்டின் முதல் சாம்பியன் அணி இன்று இல்லை என்பதை நினைவில் வையுங்கள். இந்தக் கதையில் அது திரும்பத் திரும்ப வரும்.

பேர் மாறிய லீக்

2007-ல் அதே லீக் 'ஐ-லீக்' என்று புதுப் பெயரில் 10 அணிகளோடு வந்தது. தொழில்முறை கிளப்புகள், சொந்த மைதானம், லைசென்ஸ் என்று ஆசிய கால்பந்து கூட்டமைப்பு கேட்டதையெல்லாம் செய்துகாட்டுவதுதான் நோக்கம். முதல் ஆறு சீசனும் கோவா கிளப்புகள் கையிலேயே இருந்தன. 2013-14-ல் புதிதாக வந்த பெங்களூரு எஃப்.சி, கலந்துகொண்ட முதல் வருஷமே சாம்பியன் ஆனது.

டி.வி.யில் பார்க்க ஆள் இல்லை, ஸ்பான்சர் இல்லை என்ற புகார் மட்டும் தீரவில்லை. ஒளிபரப்பு ஒப்பந்தம் பாதியில் முறிந்த நிலையில், 2010 டிசம்பர் 9ஆம் தேதி சம்மேளனம் ஒரு முக்கியமான கையெழுத்தைப் போட்டது. ஐ.எம்.ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்துக்கு இந்தியக் கால்பந்தின் வணிக உரிமை மொத்தமும் 15 வருஷத்துக்கு. விலை 700 கோடி ரூபாய். இன்று நடக்கும் எல்லா சிக்கலுக்கும் ஆரம்பப் புள்ளி இந்தத் தேதிதான். ஏனென்றால் 2010-ல் இருந்து 15 வருஷம் எண்ணினால் 2025 டிசம்பர்.

ஐ.எஸ்.எல் வந்த கதை

கிரிக்கெட்டில் ஐ.பி.எல் என்ன செய்ததோ அதைக் கால்பந்தில் செய்யலாம் என்ற கணக்கில் வந்ததுதான் இந்தியன் சூப்பர் லீக். 2014 அக்டோபர் 12ஆம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் முதல் மேட்ச். எட்டு நகரங்கள், எட்டு ஃபிரான்சைஸ். டெல் பியரோ, ராபர்ட் பிரெஸ், ட்ரெசகே, லுங்பெர்க் என்று உலகக் கோப்பையில் பார்த்த முகங்கள். எல்லாம் ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த முகங்கள்தான். ஆனாலும் கூட்டம் வந்தது. சென்னையினுக்கு அபிஷேக் பச்சன், தோனி ஆகியோர் இணை உரிமையாளர்கள். 2006 உலகக் கோப்பையை இத்தாலிக்கு வென்று தந்த மார்கோ மாட்டராஸி கோச். பிரேசிலின் எலானோ 8 கோல் அடித்து அந்த சீசனின் டாப் ஸ்கோரர்.

களத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்கள் இறங்கலாம் என்பது அப்போதைய விதி. இந்தியர்கள் ஐந்து பேர் இருந்தால் போதும். 2017-ல் அது ஆறு இந்தியர், 2021-ல் ஏழு இந்தியர் என்று மாறியது. அதாவது இப்போது வெளிநாட்டு வீரர்கள் நான்கு பேர்தான் களத்தில் இருக்க முடியும். இந்த மாற்றம்தான் உள்ளூர் ஆட்டக்காரர்களுக்குக் கதவைத் திறந்தது.

2015 சீசனைத் தமிழ்நாட்டு ரசிகர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். நான்கு மேட்ச் மிச்சம் இருக்கும்போது சென்னையின் கடைசி இடத்தில் இருந்தது. நான்கையும் ஜெயித்து அரையிறுதிக்கு வந்தது. அதற்குள் சென்னையில் டிசம்பர் வெள்ளம். நகரமே தண்ணீரில். சொந்த மண்ணில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆடினார்கள், 3-0 வெற்றி. டிசம்பர் 20ஆம் தேதி கோவாவில் ஃபைனல். 90 நிமிடம் தாண்டிய கூடுதல் நேரத்தில் ஸ்டீவன் மெண்டோசா அடித்த கோலில் 3-2. அந்த சீசனில் அவர் அடித்தது 13 கோல்.

இரண்டு லீக், ஒரு நாடு

இங்கேதான் சிக்கல். 2014-ல் இருந்து 2017 வரை ஐ.எஸ்.எல் இரண்டு மூன்று மாதம் நடக்கும் ஒரு டோர்னமென்ட் மட்டுமே. அதிகாரப்பூர்வத் தேசிய லீக் ஐ-லீக். பணமும் டி.வி.யும் ஐ.எஸ்.எல் பக்கம், அங்கீகாரம் ஐ-லீக் பக்கம். 2016-ல் கோவாவின் டெம்போ, சல்கவுகர், ஸ்போர்ட்டிங் மூன்றும் இதை எதிர்த்து ஐ-லீக்கை விட்டே வெளியேறின. அந்தக் காலி இடத்தால் பிழைத்த அணிதான் மிசோரமின் ஐஸ்வால். தரமிறக்கப்பட்டிருந்த அந்த அணியைத் திரும்பச் சேர்த்தார்கள். அது 2016-17-ல் சாம்பியனே ஆகிவிட்டது! சாம்பியன் ஆனதற்காக ஐ.எஸ்.எல்-ல் இடம் கிடைத்ததா? இல்லை.

2017-ல் ஆசியக் கூட்டமைப்பு ஐ.எஸ்.எல்-ஐயும் அங்கீகரித்தது. பெங்களூருவும் ஜாம்ஷெட்பூரும் சேர, பத்து அணிகள் ஆயின. இரண்டு லீக்கும் ஒரே நேரத்தில் நடந்தன. உலகில் வேறெந்தப் பெரிய கால்பந்து நாட்டிலும் இப்படி ஒரு ஏற்பாட்டைப் பார்ப்பது கஷ்டம்.

சென்னை சிட்டிக்கு என்ன ஆனது?

இந்தக் குழப்பத்தில் அதிகம் அடி வாங்கிய அணி தமிழ்நாட்டுடையது. 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்பாகத் தொடங்கியது சென்னை சிட்டி. 2016-17-ல் ஐ-லீக்குக்கு வந்தது. பேரில் சென்னை இருந்தாலும் பட்டம் வென்ற சீசனில் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் கோச். உருகுவேயின் பெட்ரோ மான்சி 2018-19-ல் மட்டும் 21 கோல் அடித்தார். எட்வின் சிட்னி வான்ஸ்பால் மாதிரி தமிழ்நாட்டுப் பையன்கள் முக்கிய இடங்களில் ஆடினார்கள்.

2019 மார்ச் 9ஆம் தேதி, கடைசி நாள். சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவையில் மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியை அடித்து சமன் செய்ய, பிறகு கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. ஆனால் 43-க்கு 42 என்று ஒரே ஒரு புள்ளியில் பட்டம் கோவையில் தங்கியது. இந்தியாவின் தேசிய லீக்கை ஒரு தமிழ்நாட்டு அணி வென்றது அதுதான் முதல் முறை. அடுத்த இரண்டே மாதத்தில், மே மாதம், மதுரையின் சேது எஃப்.சி இந்திய மகளிர் லீக்கையும் வென்றது. 2019-ல் ஆண்கள், பெண்கள் இரண்டு தேசிய லீக் பட்டமும் இந்த மாநிலத்தில் இருந்தன என்பது பலருக்கு இன்னும் தெரியாது.

ஸ்விட்சர்லாந்தின் எஃப்.சி பாஸல் கிளப் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று வரை போய் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றது. அதோடு ஏறுமுகம் நின்றுவிட்டது. 2020-21-க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த அணி இல்லை.

2019 அக்டோபரில்தான் ஆசியக் கூட்டமைப்பு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஐ.எஸ்.எல்-தான் இனி நாட்டின் முதல் நிலை லீக், ஐ-லீக் இரண்டாம் நிலை, 2022-23-ல் இருந்து ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல்-ல் இடம், நுழைவுக் கட்டணம் கிடையாது. சென்னை சிட்டி பட்டம் வென்று ஏழு மாதம் ஆகியிருந்தது. 2023-ல் அதே ஐ-லீக் கோப்பையை வென்ற பஞ்சாப் அணி ஐ.எஸ்.எல்-க்குள் நுழைந்தது. 2024-ல் முகமதன் ஸ்போர்ட்டிங். நான்கு வருஷம் முன்னால் ஜெயித்தது சென்னை சிட்டியின் துரதிர்ஷ்டம், வேறென்ன சொல்ல?

இன்னொரு பக்கம், மோகன் பகான் 2020-ல் ஏ.டி.கே-வுடன் இணைந்தும், ஈஸ்ட் பெங்கால் புது முதலீட்டாளரோடும் ஐ.எஸ்.எல்-க்குள் வந்தன. புனே அணி மூடப்பட்டு அந்த இடத்தில் ஹைதராபாத் வந்தது. டெல்லி டைனமோஸ் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்.சி ஆனது. அந்த ஹைதராபாத்தும் 2025-ல் டெல்லிக்கு இடம்பெயர்ந்து ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆகிவிட்டது. ரசிகர் ஒரு ஜெர்ஸி வாங்கினால் அது எத்தனை வருஷத்துக்குச் செல்லும் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும் போல!

போட்டி எப்படி நடக்கிறது?

2024-25 சீசனை எடுத்துக்கொள்வோம். 13 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 12 அணிகளோடு சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என ஆளுக்கு 24 மேட்ச். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1. லீக் சுற்றில் மொத்தம் 156 மேட்ச்.

இரண்டு அணிகள் சமப் புள்ளியில் முடித்தால், அந்த இரண்டும் நேருக்கு நேர் ஆடிய மேட்ச்களில் யார் கை ஓங்கியது என்று முதலில் பார்ப்பார்கள். 2020-21-ல் மும்பை சிட்டியும் ஏ.டி.கே மோகன் பகானும் தலா 40 புள்ளி. நேருக்கு நேர் இரண்டையும் மும்பை ஜெயித்திருந்ததால் முதலிடம் மும்பைக்கு.

லீக் சுற்றில் முதலிடம் பிடிப்பவருக்குக் கிடைப்பது 'லீக் வின்னர்ஸ் ஷீல்டு'. இது 2019-20-ல்தான் வந்தது. முதல் ஷீல்டு எஃப்.சி கோவாவுக்கு. 2018-ல் எட்டுப் புள்ளி முன்னால் இருந்தும் பெங்களூரு ஷீல்டு எதுவும் வாங்காததற்குக் காரணம், அப்போது அப்படி ஒன்று இல்லவே இல்லை.

அதன்பிறகு பிளே-ஆஃப். முதல் இரண்டு அணிகள் நேராக அரையிறுதிக்கு. மூன்றாவது அணி ஆறாவதோடும், நான்காவது அணி ஐந்தாவதோடும் ஒரே ஒரு நாக்-அவுட் மேட்ச். அரையிறுதி இரண்டு சுற்று. இரண்டு மேட்ச்சின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஃபைனல் ஒரே மேட்ச். அதில் ஜெயித்தவருக்கு ஐ.எஸ்.எல் கோப்பை. ஆறு அணி பிளே-ஆஃப் 2022-23-ல் அறிமுகமானது. முன்பு நான்கு அணிதான்.

ஆக, ஒரு சீசனில் இரண்டு 'சாம்பியன்' வர வாய்ப்பு உண்டு. 2023-24-ல் ஷீல்டு மோகன் பகானுக்கு, ஃபைனலில் அதே மோகன் பகானை 3-1 என்று வீழ்த்தி கோப்பை மும்பைக்கு. 2024-25-ல் மோகன் பகான் 56 புள்ளிகளுடன் ஷீல்டையும், ஃபைனலில் பெங்களூருவைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்று கோப்பையையும் சேர்த்து எடுத்தது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் இந்தப் பேச்சே கிடையாது. டேபிளில் யார் மேலே இருக்கிறாரோ அவர்தான் சாம்பியன், முடிந்தது கதை. அமெரிக்காவின் எம்.எல்.எஸ்-ல் ஐ.எஸ்.எல் மாதிரியே ஷீல்டும் உண்டு, பிளே-ஆஃப் கோப்பையும் உண்டு.

பிரீமியர் லீக்கோடு ஒப்பிட்டால் இன்னொரு வித்தியாசம், அங்கே கடைசி மூன்று அணிகள் கீழே இறங்கும். ஐ.எஸ்.எல்-ல் 2024-25 வரை ஓர் அணிகூட இறங்கவில்லை. 2018-19-ல் கடைசி இடம் பிடித்த சென்னையின், அடுத்த சீசனில் ஓவன் காய்லின் பயிற்சியில் ஃபைனல் வரை வந்தது. வருஷா வருஷம் கோடிக்கணக்கில் ஃபிரான்சைஸ் கட்டணம் கட்டியவர்கள், 'இறக்கிவிட்டால் எங்கள் பணம் என்னாவது' என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. கீழே இருந்து ஏற ஆசைப்படும் கிளப்புக்கும் அதே அளவு நியாயம் இருக்கிறது.

2025-ல் ஏன் எல்லாம் நின்றது?

15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ஆம் தேதி முடியும் என்ற நிலையில், அதைப் புதுப்பிப்பது பற்றி முடிவு ஏதும் இல்லை. சம்மேளனத்தின் சட்டவிதிகள் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. ஜூலையில், சீசனை 'நிறுத்தி வைக்கிறோம்' என்று லீக்கை நடத்தும் நிறுவனம் கிளப்புகளுக்குச் சொல்லிவிட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையினும் செயல்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. நட்சத்திர வீரருக்கு இது ஒரு தடங்கல். 20 வயதில் முதல் ஒப்பந்தம் போட்ட பையனுக்கும், ஜெர்ஸி துவைப்பவருக்கும், டீம் பஸ் டிரைவருக்கும் அது அந்த மாசத்துச் சம்பளம்.

செப்டம்பர் 19ஆம் தேதி நீதிபதி பி.எஸ்.நரசிம்ஹா தலைமையிலான அமர்வு சில திருத்தங்களோடு சட்டவிதிகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. முதல் நிலை லீக்கில் ஏறுவதும் இறங்குவதும் இருக்க வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். அக்டோபரில் வணிக உரிமைக்கு டெண்டர் விட்டார்கள். நவம்பர் 7 கடைசி நாள். ஒருவர்கூட விலை கேட்கவில்லை. 2010-ல் 700 கோடிக்குப் போன சரக்கு இது. டிசம்பரில், மும்பை சிட்டியில் பெரும் பங்கு வைத்திருந்த சிட்டி ஃபுட்பால் குழுமமும் வெளியேறியது.

2026 ஜனவரி 6ஆம் தேதி மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா, ஐ.எஸ்.எல் பிப்ரவரி 14-ல் தொடங்கும், 14 கிளப்புகளும் ஆடும், மொத்தம் 91 மேட்ச் என்று அறிவித்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 14 அணிகள் ஒன்றோடொன்று ஒரே ஒரு முறை மோதினால் சரியாக 91. ஆளுக்கு 13 மேட்ச்தான். 91-ல் பிளே-ஆஃபுக்கு இடமே இல்லை. 14-வது அணி வாரணாசியின் இன்டர் காசி. ஐ-லீக்கில் முதலில் சர்ச்சில் பிரதர்ஸைத்தான் சாம்பியன் என்று அறிவித்தார்கள். ஸ்விட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்த பிறகு பட்டம் இன்டர் காசிக்குப் போனது.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு புது அணி மேலே வர முடியுமா?

விதிப்படி முடியும். 2024-25 நிலவரப்படி மாநில லீக், அதிலிருந்து ஐ-லீக் 3, பிறகு ஐ-லீக் 2, அப்புறம் ஐ-லீக், கடைசியில் ஐ.எஸ்.எல். ஒவ்வொரு படியிலும் முன்னேறினால் போதும். கூடவே கிளப் லைசென்ஸ் விதிகளையும் பூர்த்தி செய்ய வேண்டும். மைதானம், இளையோர் அணிகள், கணக்கு வழக்கு எல்லாம் அதில் சேரும். நடைமுறையில் இந்த லைசென்ஸ் விஷயத்தில்தான் நிறைய கிளப்புகள் தடுக்கி விழுகின்றன.

அணிகளைவிட ஆட்டக்காரர்கள் சீக்கிரம் ஏறுகிறார்கள். சென்னை சிட்டியில் ஆடிய சென்னைக்காரர் நந்தகுமார் சேகர், 2023 டுராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒரே கோலில் கொல்கத்தாவில் பாதிப் பேருக்கு ஹீரோ ஆனார். குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டியில் ஆடிவிட்டு ஜாம்ஷெட்பூருக்கும் பிறகு ஏ.டி.கே-வுக்கும் போனார்.

காஞ்சிபுரம், திருப்புட்குழி பக்கத்து ரசிகருக்கு முதல் நிலை லீக் மேட்ச் பார்க்க இப்போதைக்கு ஒரே இடம், சென்னை பெரியமேடு ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். சுமார் 80 கிலோமீட்டர். மாலை 7.30 மேட்ச் என்றால் முடிய 9.30 ஆகிவிடும், ஊர் திரும்ப நள்ளிரவு. வழக்கமான சீசனில் சென்னையினுக்கு சொந்த மண்ணில் 12 மேட்ச் கிடைக்கும். 13 மேட்ச்தான் என்று சுருங்கிய சீசனில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும்.